தொண்ணூற்றொன்றில் மிச்சமில்லை

கணக்கு டீச்சர் என்ற பெயரோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் கணக்கில் என்னை மடக்கியவர் ஒரே ஓர் ஆள்தான். அவர் மலாக்காவில், காஜா பெராங் சந்தையில், எங்கள் பேச்சில் பாசாரில், ஆரஞ்சு விற்றவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. எல்லாருக்கும் அவர் பழக்கார அக்கா. எனக்கும் அக்காதான்.

பாசாருக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம், மீன்கடைத் தண்ணீர் வந்து தேங்காத மேட்டில் அவருடைய பலகை. காலை ஆறரைக்கெல்லாம் அதில் ஆரஞ்சுக் கோபுரம் எழும்பிவிடும். அடியில் ஆறுக்கு ஆறாக முப்பத்தாறு பழம். அவற்றின் இடைக்குழிகளில் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து. அப்புறம் பதினாறு, ஒன்பது, நாலு. உச்சியில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், தொண்ணூற்றொன்று வரும். மொத்தக் கடைச் சீன முதலாளி, தாவ்கே, நூறாக வாங்கினால் விலை குறைத்துத் தருகிறேன் என்று தலைகீழாக நின்று பார்த்தார். அக்கா மசியவில்லை. எண்ணித் தொண்ணூற்றொன்றுதான் வாங்குவார்.

"நூறு வாங்குனா ஒம்பது பழம் ஓரமா நிக்கும், தாவ்கே. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

விற்க விற்க அடுக்கு மாறும். ஐம்பத்தைந்துக்கு வந்ததும் அடிவரிசையை எடுத்துவிட்டு ஐந்து அடுக்குக் கோபுரம் கட்டுவார். முப்பதுக்கு வந்தால் நாலு அடுக்கு. எந்த அடுக்கிலும் சேராமல் ஒரு பழம் தனியாக உருண்டால் அவருக்குக் கை அரிக்கும். பக்கத்துக் கடைக்காரரையாவது கூப்பிட்டு அவர் கையில் திணித்துவிட்டுத்தான் உட்காருவார். யாராவது அதை மிச்சம் என்று சொல்லிவிட்டால் போச்சு.

"மிச்சம்னு ஒண்ணு கிடையாதுலா. அடுக்கத் தெரியாதவன் வச்ச பேரு அது."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் நான் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். பழத்துக்கு மட்டும் சொல்லமாட்டார், மனுஷர்களுக்கும் அதே சட்டம்தான். ஒருநாள் நாங்கள் இருவரும் பண்டார் ஹிலிரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் நிரம்பிவிட்டது. கடைசியாக ஏற வந்த ஒரு மலாய்க்கார அம்மாவை, இரண்டு கூடையோடு, கண்டக்டர் தடுத்து நிறுத்திவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அக்கா எழுந்தார். கூடைகளை வாங்கி இருக்கைக்கு அடியில் தள்ளினார், சின்னப் பிள்ளைகளைத் தூக்கி யார் யார் மடியிலோ வைத்தார், முழங்காலைப் பரப்பி உட்கார்ந்திருந்த பெரியவரை "கொஞ்சம் ஒடுங்குங்க மாமா" என்றார். அந்த அம்மா உட்கார்ந்தே வந்தார். இப்போது கண்டக்டருக்கு நிற்க இடமில்லை. அவர் படியில் தொங்கிக்கொண்டு அக்காவை முறைத்தார்.

"நீ மட்டும் என்ன மிச்சமா தம்பி? உள்ள வா" என்று அவருக்கும் ஒரு சாண் இடம் பிடித்துக் கொடுத்தார். பஸ் பூராவும் சிரித்தது. எனக்குத்தான் மானம் போயிற்று, ரவிக்கையில் பேனா குத்திய டீச்சர் அல்லவா நான்.

இறங்கி நடக்கும்போது கேட்டேன், ஏன்க்கா உங்களுக்கு இந்த வேலை என்று. சாலையைத் தாண்டும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்.

"ஜப்பான்காரன் காலத்துல எங்க வீட்டுக்காரரையும் அவரு அண்ணன் தம்பியையும் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சிட்டுப் போனாங்க டீச்சர். பத்துப் பத்தா நிக்க வச்சு லாரியில ஏத்துனாங்க. இவங்க நின்ன வரிசையில பதினோரு பேரு. கடைசியில நின்னது இவரு. நீ அதிகம், அந்தப் பக்கம் போன்னு பிரிச்சு, தெரியாத ஆளுங்களோட சேத்துட்டாங்க. அண்ணனும் தம்பியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உசுரோட வந்துட்டாங்க. இவருக்குக் காய்ச்சல்ல தண்ணி குடுக்க ஆளில்ல."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. வீடு வந்ததும் பசியாறிவிட்டுப் போங்கள் என்று இரண்டு தோசை வைத்தார். இதையெல்லாம் என் காதால் கேட்டுவிட்டுத்தான், அதற்கடுத்த வருஷம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அது நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம். ஊரே ஒரு தினுசாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பண்டார் ஹிலிர் திடலில் எல்லாப் பள்ளிகளும் அணிவகுத்து, பள்ளிக்கு ஐந்து நிமிஷம் வரிசை மாற்றிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ் சார்ஜன், மலாய்க்காரர். மீசையும் விசிலும் அவருக்கு ஒரே நீளம். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். எந்த வரிசையிலும் ஆள் கூடவோ குறையவோ கூடாது. வரிசைக்கு வெளியே ஒரு பிள்ளை நின்றாலும் அந்தப் பள்ளியைத் திடலை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் மொத்தப் பிள்ளைகளே தொண்ணூற்றொரு பேர். பயிற்சி என் தலையில் விழுந்தது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டால் போகாது. மூன்றால் போகாது. ஐந்தால் போகாது. அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிகளில் வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிடும். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு என்று கோடு போட்டு நிறுத்தியிருப்பார்கள். அந்த அட்டையில் தொண்ணூற்றொன்று எங்கேயும் இல்லை. தொண்ணூறு இருக்கிறது, தொண்ணூற்றாறு இருக்கிறது, நடுவில் இது இல்லை. அட்டையில் இல்லாத எண் வகுபடாது என்பது எங்களுக்கு எழுதாத சட்டம். படித்தவர்கள் பண்ணும் பிழை இது. பாசாரில் பழம் அடுக்குகிறவர் பண்ணமாட்டார்.

ஆகவே தொண்ணூறு பேர், பத்து வரிசை, வரிசைக்கு ஒன்பது என்று எழுதி சார்ஜனிடம் கொடுத்தேன். யாரை விடுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பாக்கியம் என்ற பெண். பத்து பெரெண்டாம் என்ற ஊரைத் தாண்டி, ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்திலிருந்து வருஷ நடுவில் வந்து சேர்ந்தவள். பதிவேட்டில் கடைசிப் பெயர். அதோடு, நடக்கச் சொன்னால் அவளுக்கு வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போகும். அப்பா இல்லை. அம்மா வீடு வீடாகத் துணி துவைத்தாள். அந்த அம்மா மாவு மூட்டைத் துணியை வெளுத்து, எழுத்து தெரியாத பக்கமாகப் பார்த்து வெட்டி, மகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்து முடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீ அன்னிக்குத் தண்ணி வாளியப் பாத்துக்கம்மா. அதுவும் முக்கியமான வேலைதான்."

"சரிங்க டீச்சர்" என்றாள். கொஞ்சம் நின்றாள். "சட்டை போட்டுக்கிட்டு வரலாமா டீச்சர்?"

"தாராளமா" என்றேன். பெரிய மனசு எனக்கு.

மறுநாள் சாயங்காலம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்து எப்போதும்போல் சிரிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் பயிற்சியில் இருக்க, பாக்கியம் மட்டும் தனியாகப் பாசார் வழியே வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, பிடித்து நிறுத்தி விஷயத்தைக் கறந்திருக்கிறார்.

"டீச்சர், ஒரு புள்ளைய மட்டும் ஏன் வெளிய விட்டீங்க?"

"என்னக்கா பண்றது? தொண்ணூத்தொண்ண எதாலயும் வகுக்க முடியாது."

"யாரு சொன்னா?"

"கணக்கு சொல்லுது" என்றேன். என் குரலில் இருந்த திமிர் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

அக்கா பலகைக்கு அடியில் மறுநாளுக்காக வாங்கி வைத்திருந்த கூடையை இழுத்தார். சாக்கை விரித்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழத்தை அடுக்கத் தொடங்கினார். முதலில் ஒன்று. அதன் கீழ் இரண்டு. கீழே மூன்று. அப்படியே பதின்மூன்றாவது வரிசையில் பதின்மூன்று பழம். கூடை காலி. சாக்கின் மேல் முக்கோணம்.

"இதுலயும் தொண்ணூத்தொண்ணுதான். யாரும் வெளிய நிக்கல. இப்பப் பாருங்க."

உச்சியில் இருந்த ஒற்றைப் பழத்தை எடுத்துப் பன்னிரண்டு உள்ள வரிசையின் ஓரத்தில் வைத்தார். பதின்மூன்று. இரண்டை எடுத்துப் பதினொன்றோடு வைத்தார். பதின்மூன்று. மூன்று பத்தோடு போயிற்று, நாலு ஒன்பதோடு, ஐந்து எட்டோடு, ஆறு ஏழோடு. கடைசி வரிசை ஏற்கனவே பதின்மூன்று. என் கண்முன்னால் முக்கோணம் கரைந்து ஏழு வரிசையாகப் படுத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் பதின்மூன்று.

ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு என்று வாய்ப்பாடு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு படி ஏறியிருந்தால் தொண்ணூற்றொன்று. அந்த ஒரு படியை ஏறாமல், அட்டையோடு நின்று, ஒரு பிள்ளையை வாளிக்குக் காவல் போட்டிருக்கிறேன். எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாசாரில் அழுதால் மதிப்பு என்னாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

"என்னைத் திட்டுங்கக்கா" என்றேன்.

"திட்டுனா வரிசை நிக்குமா? இன்னொண்ணு இருக்கு, உக்காருங்க."

நானும் சாக்கில் உட்கார்ந்தேன், புடவை மடிப்பைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. அவர் ஒரு பழத்தை நடுவில் வைத்தார். அதை ஒட்டிச் சுற்றிலும் ஆறு, இடைவெளியே இல்லாமல். அதற்கு வெளியே பன்னிரண்டு. அப்புறம் பதினெட்டு, இருபத்து நாலு, முப்பது. எங்கேயும் கை தயங்கவில்லை. கூடையின் கடைசிப் பழத்தை வைத்தபோது ஆறு மூலையும் ஒழுங்காக வந்து நின்றது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நாலு, முப்பது. கூட்டினால் தொண்ணூறு. நடுவில் ஒன்று.

"நீங்க எழுதிக் குடுத்த தொண்ணூறு இதுதான் டீச்சர். நடுவுல அந்த ஒண்ணு இல்லாட்டி இது எதைச் சுத்தி நிக்கும்?"

மறுநாள் காலையிலேயே சார்ஜனைத் தேடிப் போனேன். தொண்ணூறு இல்லை, தொண்ணூற்றொன்று என்றேன். பட்டியல் தட்டச்சு ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். வரிசை சரியாக இருந்தால் ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். மீசையைத் தடவி யோசித்தார். இல்லை, ஆனால் ஒரு வரிசை உடைந்தாலும் பள்ளியோடு வெளியே என்றார். தொண்ணூறு பேருக்கு உறுதியாகக் கிடைத்த ஐந்து நிமிஷத்தை ஒருத்திக்காகப் பந்தயம் வைத்திருக்கிறேனே என்று வழியெல்லாம் பயமாக இருந்தது. பாசாரில் போய்ச் சொன்னதும், "நல்லதாப் போச்சு, எப்பப் பயிற்சி?" என்று கேட்டார் அக்கா.

அன்றிலிருந்து கடையைப் பக்கத்துக் கீரைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் தினமும் நாலு மணிக்குப் பள்ளித் திடலுக்கு வந்துவிடுவார். கையில் ஒரு சுண்ணாம்பு டப்பா. பிள்ளை நிற்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி. பிள்ளைகளுக்கு அவர் சொன்ன உத்தரவு எல்லாம் பழக்கடை உத்தரவுதான். "குழியில நில்லு", "பக்கத்தவனை நசுக்காத", "உருளாத". முதல் நாள் கூச்சல் குழப்பம். இரண்டாம் நாள் முக்கோணம் சாய்ந்து கொழுக்கட்டை ஆனது. நாலாம் நாள் ஏழு வரிசை முக்கோணமாகி, முக்கோணம் கலைந்து ஆறு மூலையாகி நின்றபோது, நான் என்னை மறந்து விசிலை ஊதிவிட்டேன். பிள்ளைகள் மறுபடியும் முதலிலிருந்து என்று நினைத்து ஓடிவிட்டார்கள்.

அந்த வாரம் எனக்கும் ஒரு வெறி பிடித்தது. தொண்ணூற்றொன்றை விடாமல் நோண்டினேன். மூன்றை மூன்று தடவை பெருக்கினால் இருபத்தேழு. நாலை மூன்று தடவை பெருக்கினால் அறுபத்து நாலு. இரண்டையும் கூட்டினால் அதே தொண்ணூற்றொன்று. மூன்றுக்கு மூன்றுக்கு மூன்றாக ஒரு பெட்டி பழம், நாலுக்கு நாலுக்கு நாலாக ஒரு பெட்டி பழம், இரண்டும் நிறைந்துவிடும். பெரிய கண்டுபிடிப்பு என்று ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அதுல யாரும் வெளிய நிக்கிறாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் புள்ளி வைக்கப் போய்விட்டார்.

பாக்கியத்தை நடுவில் நிறுத்தியது நான். அதை மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. ஏழு வரிசையில் நாலாவது வரிசை, பதின்மூன்றில் ஏழாவது இடம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நட்டநடு. ஆறு மூலையிலும் அவள்தான் நடு. கொடியும் அவள் கையில். கை இரண்டாலும் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டால் வலது கை எந்தக் காலோடு போகும் என்ற கவலை இல்லை பாருங்கள். சொன்னபோது அவள் நம்பவில்லை. "வாளி யாரு டீச்சர் பாத்துக்குவா?" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அந்த நாள் வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் எள் போட்டால் விழாத கூட்டம். கடற்காற்றில் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பெரிய பெரிய பள்ளிகள் வாத்தியத்தோடு வந்து போயின. எங்களிடம் ஒரு தப்பட்டைகூட இல்லை. நான் வேலி ஓரத்தில் வாளியோடு நின்றேன். என் பக்கத்தில் அக்கா. அவருக்குப் பக்கத்தில், பாதித் துவையலில் ஓடிவந்த பாக்கியத்தின் அம்மா, இடுப்பில் ஈரத்தோடு.

பிள்ளைகள் இறங்கினார்கள். ஏழு வரிசை. கூட்டம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே விசிலில் ஆறு வரிசை உடைந்து, ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் பிள்ளைகள் பிரிந்து முன்னால் ஓட, திடலில் முக்கோணம் நின்றது. பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. அடுத்த விசில். முக்கோணம் கரைந்தது. பாக்கியம் கொடியோடு நடுவில் வந்து நின்றாள். அவளைச் சுற்றி ஆறு பேர், பன்னிரண்டு பேர், பதினெட்டு பேர். கடைசி முப்பது பேரும் ஓடிவந்து அவரவர் குழியில் நின்றபோது, மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கைதட்டல் கடல் வரைக்கும் போயிருக்கும். நான் என் ஆயுளில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன்னும் அறியவில்லை, பின்னும் அறியவில்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் சார்ஜன் பட்டியலைப் பார்த்து வாசித்தார். தமிழ்ப் பள்ளி, மாணவர்கள் "செம்பிலான் பூலோ". மலாயில் தொண்ணூறு.

பாக்கியத்தின் அம்மா முகம் சுண்டிப்போனது. அவள் குட்டை. முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. "தொண்ணூறுன்னுதானே சொல்றாங்க? எம்புள்ளயச் சேக்கலயா டீச்சர்?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா வேலியின் கீழ்க்கட்டையில் ஏறிவிட்டார். பாசாரில் பத்துக் கடை தாண்டிக் கேட்கும் குரல் அது.

"சத்து, துவான்! செம்பிலான் பூலோ சத்து!"

ஒன்று, ஐயா. தொண்ணூற்றொன்று. கூட்டம் திரும்பியது. சார்ஜனும் திரும்பினார். அவர் தாளைப் பார்த்தார், திடலைப் பார்த்தார், விரலால் ஓர் ஓரத்தை எண்ணினார். எங்கேயாவது ஒரு பிள்ளை துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று ஆறு மூலையும் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் அவர் கண் நடுவில் வந்து நின்றது. பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளில் என்னவோ எழுதினார். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுவந்து, திடல் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"செம்பிலான் பூலோ சத்து."

அக்கா வேலியிலிருந்து இறங்கவில்லை. குனிந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் மேலே ஏற்றிவிட்டார்.

"கேட்டியா? அந்த ஒண்ணு உம்பொண்ணுதான். ஓரத்துல தேடாத, நடுவுல பாரு."